மலைநாட்டில் கரி: புதிதாக வந்தவர்களுக்கு

ஹட்டனுக்கு மாற்றலாகி வந்த டீச்சர் ஒருவர், வந்த வாரமே எங்கள் தெருமுனைச் சில்லறைக் கடைக்குப் போய் "அண்ணே, கரி இருக்கா?" என்று கேட்டார். "கறிக்கு மார்க்கட்டுக்குத்தான் போகணும் தங்கச்சி. கோழியா, ஆடா?" என்றார் கடைக்காரர். எங்கள் பக்கத்து நாக்கு ரகரத்துக்கும் றகரத்துக்கும் பெரிய வித்தியாசம் காட்டாது. காதும் அப்படியே. கரி மூட்டை அந்த நேரம் டீச்சரின் காலடியிலேயே இருந்தது.

அதனால் கடையில் முழுப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: சிரட்டைக்கரி. மரத்தில் சுட்டது வேண்டுமென்றால் விறகுக்கரி. சிங்களத்தில் கேட்க நேர்ந்தால் "பொல்கட்டு அங்குரு" என்றால் எந்தக் கடையிலும் விளங்கும்.

சொல் விஷயம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பழைய தமிழில் கரி என்றால் யானை. சாட்சி என்றும் பொருள் உண்டு. குடும்ப மானத்தைக் கெடுத்தவன் முகத்தில் கரி பூசினான் என்போம். ஓயாமல் குறை சொல்கிற பெரியம்மா கரித்துக் கொட்டுகிறார். வயதானவர்கள் இன்னும் சொல்லும் கரிக்கோச்சி, நிலக்கரி போட்டு ஓட்டிய பழைய நீராவி ரயில். நானுஓயாவுக்கு 1885இலும் பதுளைக்கு 1924இலும் வந்து சேர்ந்த பாதையில் ஏறி இறங்கியது. நிலக்கரி வேறு சாமான். பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருடம் கிடந்தது, இப்போது கப்பலில் வந்து நுரைச்சோலை மின் நிலையத்தில் எரிகிறது. எங்காவது ஒரு துண்டு கையில் கிடைத்தால் வீட்டு அடுப்பில் போட்டுப் பார்க்காதீர்கள். அந்தக் கந்தக நாற்றம் சட்டியை விட்டுப் போகாது.

அடுப்படியில் உதவுகிற சொற்கள் நாலுதான். எரிந்து முடியாமல் நிறுத்தப்பட்டது கரி. அதே கரி சிவந்து கனன்றால் தணல். தணல் தன் கதையை முடித்துக்கொண்டால் சாம்பல். கூரையிலும் சட்டியடியிலும் படிவது புகைக்கரி. அது சிலந்தி வலையோடு சேர்ந்து தொங்கினால் ஒட்டறை. மரத்தைக் காற்றில்லாமல் சூடாக்கும்போது முதலில் நீர் ஆவியாகிறது, பிறகு தாரும் எரிவாயுக்களும் வெளியேறுகின்றன, கடைசியில் கார்பன் கூடு மட்டும் மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் காற்று உள்ளே வந்தால் கூடும் சாம்பலாகிவிடும். கரியோடு பழகுவதென்றால் காற்றை எப்போது விடுவது, எப்போது அடைப்பது என்று பழகுவதுதான். கீழே சொல்லப்போகும் எல்லா வேலையிலும் இதுதான் கணக்கு.

வாங்கும்போது

தென்னை எங்கள் உயரத்தில் காய்க்காது. தேங்காயெல்லாம் குருநாகல், சிலாபம் பக்கமிருந்து ஏறி வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் தினமும் ஒரு தேங்காயாவது உடைவதால் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. சிரட்டைக்கரி கனமானது, அதிக நேரம் தணலாக நிற்கும், புகை குறைவு. சவுக்கு, டர்பன்டைன் போன்ற மரங்களில் சுட்ட விறகுக்கரி சீக்கிரம் பற்றும், சீக்கிரம் முடியும். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவரும் தேயிலை மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட கிளைகள், நல்ல விறகு, கரியாக்கினால் சுண்டுவிரல் அளவுத் துண்டுகளாகத்தான் வரும். பற்றவைக்க மட்டும் நல்லது.

இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். நன்றாகச் சுட்ட கரி கண்ணாடிபோலக் கிணுங்கும். டொக் என்று மரச் சத்தம் வந்தால் உள்ளே வேகவில்லை, அடுப்பில் போட்டதும் கண்ணைக் கரிக்கும். உடைத்துப் பார்த்தால் உடைந்த முகம் கருமையாக மினுங்க வேண்டும். பழுப்புத் தெரிந்தால் அதுவும் அரைவேக்காடு. மூட்டையின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். அடியில் தூள்தான் அதிகம் என்றால் நிறைக்குப் பணம் கொடுத்துத் தூள் வாங்குகிறீர்கள். ஈரமாக இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் மழை மாதங்களில் திறந்து வைத்த கரி காற்றிலிருக்கும் ஈரத்தையே குடித்துவிடும். ஈரக்கரி பற்றாது, பற்றினாலும் பட்டாசுபோல் தெறிக்கும்.

வீட்டில் மூடியுள்ள தகர டின்னில் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில், ஆனால் பொறி பறக்காத தூரத்தில் வையுங்கள். முதல் தடவைக்கு இரண்டு மூன்று கிலோ போதும்.

வீட்டிலேயே சுட

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். புகை பக்கத்துக் காம்பராக்களுக்கெல்லாம் போகும், பிறகு தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் உங்கள் பேர்தான் அடிபடும். கொஞ்சம் ஒதுக்கமான முற்றம் இருந்தால் செய்யலாம்.

தேவையானது 200 லீட்டர் இரும்புப் பெரல் ஒன்று. எண்ணெய் வந்த பெரலாக இருக்கட்டும். கிருமிநாசினியோ வேறு இரசாயனமோ வந்தது வேண்டாம். மூடிய பெரலை நீங்களே வெட்டப் போகாதீர்கள். உள்ளே ஆவி நின்றால் ஒரு பொறியிலேயே வெடிக்கும். வெல்டிங் கடையில் கொடுத்து, கழுவி, மேல்தட்டை வெட்டி மூடியாக்கித் தரச் சொல்லுங்கள். அடித்தட்டில் பெருவிரல் நுழையும் அளவில் ஆறேழு ஓட்டைகள் வேண்டும். முதல் தடவை வெறும் விறகு போட்டு எரித்து, உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணெயையும் பெயின்டையும் போக்கிவிடுங்கள்.

சிரட்டையைத் தும்பு சுரண்டி, இரண்டு வாரமாவது காயவிட்டிருக்க வேண்டும். தும்போடு போட்டால் ஊரே புகை.

காற்று அதிகமில்லாத காலையாகப் பார்த்து, பெரலை மூன்று கல்லின் மேல் நிறுத்துங்கள். அடியில் மிலாறுச் சுள்ளி போட்டுக் கொளுத்தி, நன்றாகப் பற்றியதும் பத்துப் பதினைந்து சிரட்டையைக் கவிழ்த்துப் போடுங்கள். அவை சுவாலை விட்டு எரிகிறபோது அடுத்த அடுக்கு. அது பற்றியதும் அதற்கடுத்தது. அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் நெருப்பு மூச்சுமுட்டி, மஞ்சள் புகை கக்கும். மேலே எப்போதும் சுவாலை இருக்க வேண்டும். அந்தச் சுவாலைதான் கீழிருந்து வரும் புகையைத் தின்கிறது; சுவாலை இருக்கும்வரை அடியிலிருக்கும் சிரட்டைக்கும் மேற்காற்று போகாது. பெரல் நிறைய இரண்டு மூன்று மணிநேரம் பிடிக்கும்.

இனிப் புகையைப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வருவது தடித்த வெள்ளைப் புகை, பெரும்பாலும் நீராவி. நடுவில் மஞ்சள் கலந்து, மூக்கைக் குத்தும். கடைசியில் மெலிந்து, நீலம் பூத்து, பின்னால் இருக்கும் மலையே அதற்குள்ளால் தெரியும். அதுதான் நேரம். மேலடுக்குச் சிரட்டைகளின் ஓரத்தில் வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியிருக்கும். இன்னும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றால் பத்து நிமிடக் கரி சாம்பல்.

அலவாங்கால் பெரலை நெம்பிக் கல்லை எடுத்துவிட்டு, நிலத்தில் உட்காரவைத்து, அடியைச் சுற்றி மண்ணை அணையுங்கள். மூடியைப் போட்டு விளிம்பு முழுவதும் குழைத்த களிமண் பூசுங்கள். எங்காவது நூல் அளவு புகை கசிந்தாலும் அங்கே இன்னொரு பிடி மண். தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டாம்; ஆவி கையைச் சுடும், கரியும் வீணாகும்.

அப்புறம் போய்ப் படுங்கள். எதற்கு இப்படிச் சொல்கிறேன் என்றால், நான் முதல் தடவை சுட்டபோது சாயங்காலம் மூடியதை விடிகாலை ஐந்தரைக்கே திறந்தேன். பெரலின் வெளிப்பக்கம் பனியில் சில்லென்று இருந்தது, ஆறிவிட்டது என்று நினைத்தேன். மூடியைத் தூக்கிய இரண்டாவது நிமிடம் நடுவில் ஒரு சிவப்புக் கண் திறந்தது. ஊதி அணைக்கப் பார்த்தேன். கரிக்கு ஊதினால் என்ன ஆகும் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும், அந்த நேரம் எனக்குத் தெரியவில்லை. பாதிக் கரி சாம்பலாய்ப் போனது, வலது புருவமும் போனது. குறைந்தது இருபத்து நாலு மணிநேரம் விடுங்கள். திறந்த பிறகும் தகரத்தில் பரப்பி இன்னொரு பகல் வைத்திருந்து பார்த்துத்தான் சாக்கில் கட்ட வேண்டும். புதுக்கரி தானாகவே மறுபடி பற்றிக்கொள்வது உண்டு.

நாலு கிலோ சிரட்டைக்கு ஒரு கிலோ கரி வந்தால் நன்றாகச் சுட்டிருக்கிறீர்கள்.

காட்டுப் பக்கம் போய் மரம் வெட்டிக் கரி சுடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். காப்புக்காட்டில் அது குற்றம். பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும், ஊவாப் பக்கம் ஆடிக் காற்றிலும் மானாப்புல் காய்ந்து வைக்கோலாய் நிற்கும். ஒரு பொறி போதும், மலையே போய்விடும்.

மிஞ்சும் தூளையும் எறிய வேண்டாம். மரவள்ளி மாவைக் கஞ்சிபோலக் காய்ச்சி, தூளில் ஊற்றிப் பிசைந்து, எலுமிச்சை அளவில் உருட்டி ஒரு வாரம் காயவைத்தால் அடுப்புக்கு ஆகும். பத்துப் பங்கு தூளுக்கு ஒரு பங்கு மா. வெயில் இல்லாத மாதத்தில் இதைத் தொடங்கினால் பூஞ்சணம்தான் மிஞ்சும்.

மூட்டுவது

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் கிட்டத்தட்ட ஐந்தில் நாலு பங்குதான். தண்ணீரும் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகவில்லையே என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் முழிப்பது இதனால்தான். அடுப்பு நேரம் கூடும், கரியும் கூடப் பிடிக்கும். கீழ்நாட்டுக் கணக்கை இங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ரொட்டியில் அந்த வாசம் ஏறும். அணைந்த மாதிரித் தெரியும் தணலில் இரண்டாம் தடவை ஊற்றினால் போத்தல் வரைக்கும் தீ ஏறும். அதற்குப் பதிலாக, பெரிய பால்மா டின் ஒன்றின் இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டு, அடிப்பக்கத்தில் ஆணியால் சுற்றிவர ஓட்டை போடுங்கள். அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில் கம்பி இரண்டு குறுக்கே. கம்பிக்கு மேலே கரி, கீழே கசக்கிய பழைய பேப்பர். பேப்பரில் சமையல் எண்ணெய் ஒரு துளி விட்டால் நின்று எரியும். கொளுத்திவிட்டு விலகிவிடுங்கள். டின் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும், காற்றை அதுவே கீழிருந்து இழுத்துக்கொள்ளும். பதினைந்து இருபது நிமிடத்தில் மேல் கரியின் ஓரம் வெளுக்கும். குறட்டால் டின்னைத் தூக்கினால் தணல் அடுப்பில் உட்கார்ந்துவிடும்.

கரி அடுப்பில் புதிதாகச் சமைப்பவர்கள் செய்யும் ஒரே தப்பு, சிவப்பாகத் தெரியும்போதே சட்டியை வைப்பது. சுவாலை முழுதாக அடங்கி, தணலின் மேல் மெல்லிய சாம்பல் போர்வை வரட்டும். கோதுமை ரொட்டிக்கு அந்தச் சூடுதான் கணக்கு; கையைத் தணலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வைத்து நாலு எண்ணும்வரை பொறுக்க முடிய வேண்டும். நெத்தலிக் கருவாடு சுட இரண்டு எண்ணிக்கை. மரவள்ளிக்கிழங்கைத் தோலோடு தணலுக்குள் புதைத்துவிட்டு, கட்டச் சம்பல் இடித்து முடிப்பதற்குள் திருப்பிப் போட்டால் போதும்.

2022இல் காஸ் இல்லாமல் போனபோது, கீழே சின்ன மின்விசிறி வைத்த கரி அடுப்புகள் சந்தைக்கு வந்தன. அப்போது வாங்கியவர்கள் பலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். விசிறி வேகத்தைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், உண்மைதான். ஆனால் கரியும் அதே வேகத்தில் தீரும்.

காற்றை இழுத்துக் கரியைக் கனலவைக்கிற வித்தை எங்கள் மலைக்குப் புதிதில்லை. பலாங்கொடைக்குக் கீழே சமனலவெவப் பக்கம், மேற்கு நோக்கிய சரிவுகளில் பழைய இரும்பு உலைகள் அகழ்ந்து எடுக்கப்பட்டன. துருத்தி இல்லாமல், தென்மேல் பருவக்காற்றையே நேராக உலைக்குள் வாங்கிக் கரியை எரித்து உருக்கு எடுத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டுவரை நடந்த வேலை. 1996இல் இது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனி, ஆடியில் அந்தப் பக்கம் குடை பிடித்து நடந்து பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

தேயிலைக்கும் கரிக்கும் உறவு உண்டு. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர், கொழுந்தைப் பங்களா விறாந்தையில் மேசை வைத்துக் கையால் உருட்டவைத்தார். உருட்டியதைக் காயவைத்தது களிமண் அடுப்பில், கரித்தணலுக்கு மேல் கம்பித் தட்டு வைத்து. இலங்கைத் தேயிலையின் முதல் வாசனை கரிச்சூட்டில் வந்தது.

அறைக்குள் வேண்டாம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் துகள் பனி விழும். புல் வெள்ளையாகிவிடும், உருளைக்கிழங்கு இலை கருகிவிடும். அந்தக் குளிரில் எந்தப் புது ஆளுக்கும் தோன்றும் யோசனை, ஒரு சட்டியில் தணல் எடுத்துப் படுக்கை அறையில் வைப்பது. புகையே இல்லையே, என்ன ஆகப்போகிறது என்று நினைப்போம். புகை இல்லாததுதான் ஆபத்து. தணல் கார்பன் மொனொக்சைட் என்ற வாயுவை விடுகிறது. நிறமில்லை, மணமில்லை, இருமல் வராது. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்க வேண்டிய இடத்தை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது பிடித்துக்கொள்ளும்.

எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பாயிக்கு நடுக்கம் நிற்கவில்லை என்று அம்மா தணல் சட்டியைக் காம்பராவுக்குள் கொண்டுவந்து வைத்தார். கதவிடுக்கில் காற்று வருகிறது என்று சாக்கை வேறு திணித்தோம். நல்ல கதகதப்பு. நடுச்சாமத்தில் தங்கச்சி வாந்தி எடுத்தாள். எனக்குத் தலை பிளந்தது, எழுந்திருக்கக் கால் வரவில்லை. அம்மா "பித்தம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தது ஞாபகமிருக்கிறது. விடியுமுன், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகக் கூப்பிட்ட பக்கத்துக் காம்பரா சித்தி, பதில் வராமல் கதவை உதைத்துத் திறந்தார். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சன்னல் கொஞ்சம் திறந்திருந்தால் பரவாயில்லையா என்று கேட்பார்கள். படுக்கும் அறைக்கு அந்தக் கணக்கே வேண்டாம். உடம்பைச் சூடாக்க வேண்டுமென்றால் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில், வெளிக்காற்றில் தணலைச் சுற்றி உட்காருங்கள். படுக்கப் போகும்போது சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி எடுத்துப்போங்கள். ஏப்ரல் சீசனுக்கு வந்து தங்கும் விருந்தாளிகள் மழை வந்ததும் பார்பிகியூ அடுப்பை அப்படியே அறைக்குள் இழுப்பார்கள். விடுதி வைத்திருப்பவர்கள் இதை வாயால் சொல்லி வையுங்கள், எழுதி ஒட்டினால் யாரும் வாசிப்பதில்லை. மூடிய வாகனத்துக்குள்ளும் இதே கதைதான்.

தலையிடி, குமட்டல், கிறக்கம், தூக்கம் எல்லாம் ஒரே அறையில் இருப்பவர்களுக்குச் சேர்ந்து வந்தால், முதலில் ஆட்களை வெளியே எடுங்கள். பிறகு 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். தேத்தண்ணி கொடுத்துப் படுக்கவைக்க வேண்டாம்.

அயன் பெட்டி

பித்தளையில் செய்த, கொண்டியில் சேவல் உட்கார்ந்திருக்கும் பழைய கரி அயன் பெட்டி பல வீடுகளில் அலங்காரமாக நிற்கிறது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை கரண்ட் போனபோது நாங்கள் அதை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தோம். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை அயன் பண்ணித் தந்தது அந்தச் சேவல்தான்.

சிரட்டைக்கரியை வெளியே தணலாக்கி, பெட்டியில் முக்கால்வாசிக்குக் குறைவாக நிரப்புங்கள். மூடிக் கொண்டி போட்டு, வாசலில் நின்று பக்கவாட்டில் நாலைந்து தடவை ஆட்டினால் காற்றுத் துளையால் காற்று புகுந்து கனலும், சாம்பலும் பறந்து போகும். அதை உடுப்புக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். அடுத்தது வாழை இலை. ஒரு துண்டு இலையை விரித்து, சூடான பெட்டியை அதன் மேல் இரண்டு இழுப்பு இழுத்தால் சர்ரென்று ஒரு சத்தமும் பச்சை வாசமும் வரும். இலையின் மெழுகு அடித்தட்டில் பூசிக்கொள்ளும். அதன்பிறகு துணியில் வழுக்கிக்கொண்டு ஓடும். கரி படிந்திருந்தாலும் இலையோடு போய்விடும். வெள்ளைச் சட்டைக்கு முதல் இழுப்பைப் பழைய துணியில் இழுத்துப் பார்ப்பது என் பழக்கம். இதையும் காற்றோட்டமான இடத்தில், வாசலோரம் வைத்துச் செய்ய வேண்டும். காரணம் மேலே சொல்லியாயிற்று.

மண்ணுக்கு

2021இல் இரசாயன உரம் நின்றபோது எல்லோரும் கரியைத் தேடினார்கள். உயிர்க்கரி என்று பெயரும் வந்தது. கரி உரமல்ல. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துளைகள் இருக்கின்றன. தண்ணீரையும் சத்தையும் பிடித்துவைக்கும் சேமிப்பறை, அவ்வளவுதான். வெறும் அறையை மண்ணில் புதைத்தால், அது முதலில் மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும், கரட் இலை மஞ்சளடிக்கும். அதனால் பயறு அளவுக்கு இடித்து, மாட்டுச் சிறுநீரிலோ கூட்டெருக் கரைசலிலோ இரண்டு வாரம் ஊறவைத்துவிட்டுப் போடுங்கள். அல்லது கூட்டெருக் குழியிலேயே பத்துக்கு ஒரு பங்கு கலந்துவிடுங்கள்.

லீக்ஸ், கரட், கோவாப் பாத்திகளுக்கு நல்லது. எங்கள் மண் புளிப்பு மண், கரி அதைக் கொஞ்சம் தணிக்கும். அதே காரணத்தால் தேயிலைக்கு அள்ளிக் கொட்டக்கூடாது. தேயிலைக்குப் புளிப்பு வேண்டும், காரஅமில அளவு (pH) 4.5க்கும் 5.5க்கும் இடையில். சாம்பல் இன்னும் மோசம். அடுப்புச் சாம்பலைத் தேயிலைச் செடியின் காலில் கொட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அந்தூரியம், ஓகிட் பூச்சட்டிகளுக்கு ஓட்டுத்துண்டோடும் உரிமட்டையோடும் கரித்துண்டு போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பார்பிகியூ அடுப்பில் எண்ணெய், உப்பு சொட்டிய கரி மட்டும் வேண்டாம்.

தண்ணீர், பல், வயிறு

பீலித் தண்ணீரை மணலும் கரியும் போட்ட வாளியில் வடித்தால் நிறமும் வாடையும் குறையும். கிருமி போகாது. வடித்த பிறகும் கொதிக்கவைத்தே குடியுங்கள். கரியை மாதமொருமுறை மாற்றுங்கள், பழைய கரி அழுக்கைத் திருப்பிக் கொடுக்கும்.

உமிக்கரியும் உப்பும் சேர்த்துப் பல் தேய்த்த தலைமுறை எங்கள் தாத்தாமார். பல் வெளுக்கும்தான், அது தேய்ந்து வெளுப்பது. எப்போதாவது சரி, தினமும் வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் நஞ்சுக்குக் கொடுப்பது கரிதானே என்று அடுப்புக்கரியைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கரி, நீராவியால் துளைகள் பெருக்கப்பட்ட வேறு சரக்கு. அந்தத் தொழிலுக்கு நம் நாட்டுச் சிரட்டைக்கரியும் ஒரு மூலப்பொருள். அதையும் எல்லாருக்கும் வழமையாகக் கொடுப்பதால் இறப்பு குறையவில்லை என்று, இலங்கை ஆஸ்பத்திரிகளில் 4,600க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2008இல் லான்செட் இதழில் வந்தது. யாருக்குக் கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்யட்டும். வீட்டில் கரி கரைக்கிற நேரத்தில் வாகனம் பிடியுங்கள்.

சாமிக்கும் திருஷ்டிக்கும்

வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குத் தணல் வேண்டும். இதற்குச் சிரட்டைக்கரியே நல்லது. தூபக்காலில் மூன்று துண்டு போதும். பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைக்குப் புகை காட்டுவதென்றால் கதவைத் திறந்து வைத்து, தூரத்தில் காட்டி, உடனே எடுத்துவிடுங்கள். பச்சைக்குழந்தைக்குக் காட்டாமலே விட்டால் இன்னும் நல்லது, பாட்டிமார் கோபித்தாலும் சரி.

அயல் வீட்டிலிருந்து இரவில் இறைச்சியோ பலகாரமோ கொடுத்துவிடும்போது, பாத்திரத்தின் மேல் ஒரு கரித்துண்டு இருந்தால் விழுந்துவிட்டது என்று நினைத்து எறியாதீர்கள். வழியில் பேய் பிசாசு கண் வைக்காமலிருக்க வைத்தது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வீடு போய்ச் சேரும்வரை அதை எடுக்காமலிருப்பது மரியாதை. திருப்பிப் பாத்திரம் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்க வேண்டாம்.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீமிதி பார்க்கப் போவீர்கள். மரம் எரிந்து, தட்டிச் சமப்படுத்திய பூக்குழியில் சாம்பல் பூத்த தணல்தான் கிடக்கும். கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், இரும்பு மாதிரி இல்லை. நிற்காமல் நடக்கிற காலுக்கு அதுவும் ஒரு துணை. விரதம் இருந்து, காப்புக் கட்டி நடக்கிறவர்களிடம் போய் இதை விளக்க வேண்டாம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பின்னால் குழியில் இறங்கிச் சோதித்துப் பார்ப்பதும் வேண்டாம். ஒதுங்கிய ஓரத்தில் தணல் மறுநாள்வரை உயிரோடு இருக்கும்.

கடைசியாக, நீங்கள் குடிவந்த வீடு லயத்து ஓரக் காம்பரா என்றால், பக்கச் சுவரில் கரிக்கட்டையால் போட்ட மூன்று நெடுங்கோடு இருக்கும். அது ஸ்டம்ப். பத்து இருபது வருடமாகப் பிள்ளைகள் அதே இடத்தில் போட்டு வருவது, அழித்தால் நாளைக்கு மறுபடி வரும். வீட்டுக்குள் உங்கள் பிள்ளையே கிறுக்கியதை அழிக்க வேண்டுமென்றால் ஈரத்துணியை எடுக்காதீர்கள், சுவர் முழுக்கப் பரவும். நேற்றைய பாணின் நடுச்சதையைக் கிள்ளி உருட்டி, மேலிருந்து கீழாக ஒற்றி ஒற்றி எடுங்கள். கறுத்ததும் அடுத்த துண்டு.